இரண்டு பேர் படிக்க ஒரு மென்பொருள்

இடது கண்ணில் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என் இடத்தில் வேறொருவர் இருந்தார். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விழித்திரை கழன்றுவிட்டது என்று சென்னை மருத்துவமனையில் சொன்னார்கள். முதல் தடவை ஒட்டியது மறுபடியும் கழன்றது. இரண்டாவது தடவை கண்ணுக்குள் எண்ணெய் வைத்து நிறுத்தினார்கள். அந்தக் கண்ணில் பார்த்தால் எல்லாமே மழை பெய்யும்போது பேருந்துக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கும். தூசி கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, அதிர்வு உள்ள இடத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிரஸ் ஷாப் மெயின்டெனன்ஸ் வேலையில் இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது அட்டென்டன்ஸ் மட்டும்தான்.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவன் நான். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியைக் காட்டினாலே ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"கொஞ்ச நாள் டாக்குமென்ட் செல்லுல இருங்க. உக்காந்து பாக்கிற வேலைதான். கண்ணு சரியானதும் மத்ததப் பேசிக்கலாம்" என்றார்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதில் 'பார்க்கிற' என்ற பாதிதான் எனக்குச் சிக்கல். அதை அவர் யோசிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. வேலை இருக்கிறதே, அது போதும் என்றிருந்தது.

டாக்குமென்ட் செல் என்பது டூல் ரூமுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், அவற்றில் இயந்திரங்களோடு வந்த கையேடுகள். அறையில் ஏற்கெனவே ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஒரகடம் வரும் வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மாணவர்கள் சேராததால் அந்தத் துறையையே கல்லூரி மூடிவிட்டது. உலோகத்தில் எப்படி விரிசல் விழுகிறது என்பதைப் பற்றிய அவருடைய பிஎச்.டி. ஆராய்ச்சி பாதியில் நின்றிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். மதிய உணவு நேரத்தில் ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் மவுஸுமாக ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். அதற்கு மேல் பேசிக்கொள்ள இருவருக்கும் தெம்பு இருந்ததில்லை. படப்பையில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை, ஷிஃப்டில் போகும் கணவர் என்று அவருக்கு அவர் பாடு.

எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான். கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வரப்போகிறார்கள். அதற்குள் எல்லா இயந்திரக் கையேடுகளையும், தர விதிகளையும், வேலைக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, உற்பத்தி லைனில் இருக்கிறவர்கள் கையில் எடுத்துப் போகும் டேபில் திறந்து பார்க்கும்படி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் எந்த மென்பொருளில் படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஐ.டி. ஆள் ஒருவர் வந்து எங்கள் அறையில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

"ஒண்ணுதான் சார் அலவ் பண்ணுவோம். ஆளுக்கு ஒண்ணுன்னு போட முடியாது. செக்யூரிட்டி பிரச்சினை. எது வேணும்னு மாசக் கடைசிக்குள்ள மெயில் போடுங்க. போட்டப்புறம் மாத்த முடியாது."

"பாத்துப் பழகாம எப்பிடி சார் சொல்லுதது?" என்று மேடம் கேட்டார்.

"ட்ரயல் வெர்ஷன் போட்டுத் தர்றேன் மேடம். நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

அப்படித்தான் அது எங்கள் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டரோடு வந்த சாதாரண மென்பொருளில்தான் முதல் சில நாட்கள் படித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஒரு வரியைப் படிக்கப் பக்கத்தை இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். அடுத்த வரிக்கு மறுபடியும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது எந்த வரியில் விட்டோம் என்பது தெரியாது. ஒரு கண் இன்னொரு கண்ணோடு சண்டை போடும். மதியத்துக்குள் பின்மண்டை கனக்கத் தொடங்கிவிடும். மாலையில் மண்ணூரில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது எதிரில் வருகிற தெரிந்த முகங்களைக்கூடக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது என் மனைவி. காலையிலும் மாலையிலும் கட்டிலில் படுக்கவைத்து விரலால் இமையைத் தூக்கிப் பிடிப்பாள்.

"இன்னா இப்டி செவந்து கீது? நாள் பூரா கம்ப்யூட்டர பாத்துகினே இருந்தா மருந்து இன்னா செய்யும்?"

"அதான்டீ வேலை."

"வேலதான். கண்ணு போச்சுன்னா எவன் வேல குடுப்பான்? ஆட்டாத, ஒழுங்கா படு."

அந்த வாரத்தில்தான் ஐ.டி. ஆள் போட்டுத் தந்த இரண்டாவது மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால், எழுத்துகளைப் பக்கத்திலிருந்து அவிழ்த்துத் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி வரிவரியாக அடுக்கிக் கொடுத்துவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெளிர் மஞ்சளாக்கலாம். அலுத்துப்போனால் அதுவே சத்தமாகப் படித்துக் காட்டும். கம்ப்ரஸர் கையேட்டில் ஒரு முழு அத்தியாயத்தை அன்று ஒரே மூச்சில் படித்தேன். படித்து முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் டீ நேரம் தாண்டியிருந்தது. தலை வலிக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் ஒன்றை முழுதாகப் படித்திருந்தேன். அறையில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"மேடம், இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மவுஸை வாங்கி இரண்டு மூன்று பக்கங்களை நகர்த்தினார். பிறகு, "படிக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நமக்குத் தேடதுக்குல்லா வேணும்" என்றார்.

"தேடலாமே. தேடுற கட்டம் இருக்கே."

"அது தொறந்து கெடக்கிற புக்குல மட்டும்தான் தேடும். அலமாரி பூரா தேடணும்னா?"

அவர் எனக்குத் தன் மென்பொருளைக் காட்டினார். ஆராய்ச்சிக்காகக் கல்லூரியில் பழகியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான கோப்புகளிலும் ஒரே சமயத்தில் தேடி, எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வரிசைப்படுத்தும். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக நகர்த்தலாம். கோடு போட்ட இடங்களையும் ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் தனியாக எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும். ஒருவர் போட்ட குறிப்பை இன்னொருவர் பார்க்கலாம். எல்லாம் சரிதான். ஆனால் அதில் இருந்த பொத்தான்கள் கடுகளவு, அதுவும் சாம்பல் நிறம். பக்கம் பக்கமாகவேதான் தெரியும். அவிழ்த்துப் படிக்க வழி இல்லை.

"இதுல நான் படிக்க முடியாது மேடம்" என்றேன்.

"அதுல நான் வேலை செய்ய முடியாதே சார்" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்த்தான் சொன்னார். நானும் அப்படித்தான். நாலைந்து நாட்கள் இதே பேச்சு, டீ குடிக்கும்போதும் கிளம்பும்போதும். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்வது? பொத்தான்களைப் பெரிதாக்க முடியுமா என்று அவர் அமைப்புகளுக்குள் போய் ஒரு மதியம் முழுக்கத் தேடினார். முடியவில்லை. நான் இன்னும் சில மென்பொருள்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்ததும் திணறி நின்றுவிட்டது. இன்னொன்று, படித்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு தொடங்கச் சொல்லிக் குறுக்கே வந்து நின்றது. கோப்புகளை வெளியே எங்கோ ஏற்றிவைத்தால்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தது மற்றொன்று. அதைக் கம்பெனியில் அனுமதிக்க மாட்டார்கள்.

கடைசியில் மேனேஜரிடம் போனோம். அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார். பேசி முடித்துவிட்டு, "சார்தான் சீனியர். அவர் சொல்றத எடுத்துக்கோங்க. இதுக்கெல்லாமா ரெண்டு பேரும் வருவீங்க?" என்றார்.

மெயில் நான் போட்டேன். என் மென்பொருளின் பெயரை எழுதி அனுப்பினேன். அன்று மதியம் மேடம் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டார். அதன்பிறகு தினமும் அப்படியே செய்தார். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் இருக்கும். எனக்கு அது நெருடியது. ஆனாலும் கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தாக வரி வரியாய் ஓடும்போது அந்த நெருடல் கொஞ்சம் அடங்கிவிடும். காலையில் ஒரகடம் வரும் கம்பெனிப் பேருந்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு, அதே மென்பொருளை என் போனில் போட்டு, பொதுவில் கிடைக்கும் தர விதிகளை இயர்போனில் கேட்டுக்கொண்டு வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, வல்லக்கோட்டைக்குப் பிரியும் இடத்தில் ஏறுகிறவர்கள் என்னை எழுப்பித் தள்ளி உட்காரச் சொல்வார்கள். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

பிரஸ் ஷாப்பிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார்கள். பேசியவர் என்னோடு பல வருடம் வேலை பார்த்த டெக்னீஷியன். சுங்குவார்சத்திரத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பிரஸ்ஸில் மேலும் கீழுமாகப் போய் வரும் பெரிய பாகத்தை ஸ்லைடு என்போம். சின்ன பிரஸ் ஒன்றின் ஸ்லைடைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஸ்லைடு போல்ட்டுக்கு எவ்ளோ டைட்டு வெக்கணும்? இங்க ஒட்டியிருந்த பேப்பரு கிழிஞ்சி போய்க் கீது."

கையேட்டைத் திறந்தேன். அட்டவணை இருக்கும் பக்கத்துக்குப் போனேன். என் மென்பொருள் அதையும் அவிழ்த்து வரிசையாக அடுக்கியிருந்தது. முதலில் போல்ட்டுகளின் பெயர்கள், அவற்றின் கீழே எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, பெரிய பெரிய மஞ்சள் எழுத்தில், படிக்கச் சுலபமாக. ஸ்லைடு போல்ட் வரிசையில் எத்தனையாவது என்று எண்ணி, எண்களிலும் அத்தனையாவதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேடம் தன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் தானாகப் பேசினார்.

"சார், எந்த பிரஸ்ஸுக்குக் கேட்டாங்க?"

"சின்னதுக்கு."

"நீங்க சொன்னது பெரிசுக்கு உள்ளதுல்லா? நேத்துதான் அந்தப் பக்கத்தப் பழசோட ஒப்பிட்டுப் பாத்தேன்."

ட்ரயல் இன்னும் முடியாததால் அவருடைய திரையில் அதே பக்கம் அவர் மென்பொருளிலேயே முழுப் பக்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைத் திரையில் ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தேன். சின்ன பிரஸ்ஸுக்கு ஒரு பத்தி, பெரிய பிரஸ்ஸுக்கு ஒரு பத்தி. நடுவில் ஒரு மெல்லிய கோடு. என் மென்பொருளில் அந்தக் கோடு இல்லை. பெரிய பிரஸ்ஸின் எண்களை மேலேயும் சின்னதன் எண்களைக் கீழேயுமாக ஒரே வரிசையாக்கி வைத்திருந்தது. நான் சொன்னது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த அளவுக்கு முறுக்கினால் போல்ட் அப்போதே உடையலாம். அல்லது உடையாமல் உள்ளே விரிசல் விட்டு, பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் பக்கத்தில் நிற்கையில் உடையலாம்.

இன்டர்காமில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரஸ் ஓடும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எழுந்து ஓடினேன். நான் போகக் கூடாத இடம்தான். காதடைப்பான்கூடப் போடவில்லை. பச்சைக் கோடு போட்ட நடைபாதை எனக்கு மனப்பாடம், அதனால் கண்ணை நம்பாமல் காலை நம்பிப் போனேன். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஹாரன் அடித்துத் திட்டியது கேட்டது. மேடம் பின்னாலேயே, "சார், மெதுவா, இடது பக்கம் வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டெக்னீஷியன் பிரஸ் அருகே ஒரு மரப்பலகையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாண்ணே, இங்க எதுக்கு வந்த? டாக்டரு கூடாதுன்னு சொல்லிக்கிறாருல்ல?"

"டைட் வெச்சிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச் பக்கத்து லைன்ல கீது. கேட்டு அனுப்பிச்சிக்கிறேன். வந்தாதான்."

"நான் சொன்ன நம்பரு தப்பு."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையைக் காட்டினார். அங்கே நான் சொன்ன எண் எழுதியிருந்தது. மேடம் சரியான எண்ணைச் சொன்னார். டெக்னீஷியன் பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். "உக்காருண்ணே. மூச்சு வாங்குது பாரு உனக்கு" என்று தான் உட்கார்ந்திருந்த பலகையைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரெஞ்ச் சீக்கிரம் வந்திருந்தால் நடந்திருக்கும். தரையின் அதிர்வு பலகை வழியாக உடம்பில் ஏறியது. கண்ணுக்குள் எண்ணெய் ஆடுவதுபோல் ஒரு பயம். மேடம் என் முழங்கையைப் பிடித்துத்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அறைக்குத் திரும்பினோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"உங்களுதையே எடுத்துக்கலாம் மேடம்."

"அப்ப நீங்க எப்பிடி சார் படிப்பீய?"

பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று மதியம் டப்பாவை அறையிலேயே திறந்தார். ஒழுங்காக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னது அவர்தான். எங்களிடம் இருந்ததிலேயே மோசமான கோப்புகளை எடுத்தோம். கோணலாக ஸ்கேன் செய்து டீக்கறையோடு இருந்த ஒரு கையேடு, மேசை அகலத்துக்கு ஓர் அட்டவணை, பெரிதாக்கினால் கோடெல்லாம் குழம்பிப்போகும் ஒரு வரைபடம், பிறகு பழைய தமிழ் வேலைக் குறிப்புகள். அவற்றை ஒவ்வொரு மென்பொருளிலும் திறந்து பார்த்தோம்.

தமிழில்தான் எல்லா மென்பொருளும் தோற்றன. அந்தக் குறிப்புகளை முன்பு யாரோ ஏதோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். பார்ப்பதற்குத் தமிழாக இருக்கும். தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. என் மென்பொருளில் அவிழ்த்தால் ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் கொட்டின. சத்தமாகப் படிக்கச் சொன்னோம். 'பிரஸ்ஸின் கதவு திறந்திருக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் குரல் மரியாதையாக ஏதேதோ ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இருவரும் அந்த அறையில் சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

இரண்டு மென்பொருளுமே எல்லாவற்றையும் செய்யவில்லை. தொடர்ந்து படிப்பதற்கு என்னுடையது, எடுத்துப் பார்ப்பதற்கு அவருடையது. இது இரண்டும் வேறு வேறு வேலை என்பது அதுவரை எனக்கு உறைத்திருக்கவில்லை. கதை படிக்கிற மாதிரி ஒரு கையேட்டை யாரும் படிப்பதில்லை. ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும், ஒருவர் எதிரில் காத்திருப்பார், ஓர் எண் வேண்டும். அந்த எண் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மேனேஜரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மெயில் போட்டாச்சேங்க. இப்ப மாத்தணும்னா ஐ.டி. என்னைத்தான் கேப்பான்."

பிரஸ் ஷாப்பில் நடந்ததைச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். யாருக்குத் தெரியும் என்று கேட்டார். டெக்னீஷியனுக்கும் மேடத்துக்கும் என்றேன். "சரி, நான் பேசிக்கிறேன்" என்றார். "ரெண்டும் வேணும்னு மட்டும் கேக்காதீங்க. அது நடக்காது."

நடக்கவும் இல்லை. மேடத்தின் மென்பொருள் வந்தது. என்னுடையதைக் கழற்றிவிட்டார்கள். சொந்த டேபில் போட்டுப் படிக்கலாம் என்றால் கம்பெனிக் கோப்பு வெளியே போகக் கூடாது. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கறுப்புத் திரை போய், வெள்ளைப் பக்கம் முகத்தில் அடித்தது. பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நீளமாகப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டியவற்றை மேடம் எனக்குப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். இவ்வளவு காகிதம் ஏன் போகிறது என்று ஸ்டோர்ஸில் ஒருவர் கேட்டபோது, தணிக்கை வேலை என்று மேடமே பதில் சொன்னார். அட்டவணைகளை அவர் வாய்விட்டுப் படிப்பார். பத்தியின் தலைப்பு, பிரஸ்ஸின் பெயர், எண் என்று ஒவ்வொன்றாக. நான் எனக்குத் தெரிந்த இயந்திரத்தை மனதில் நிறுத்தி, இந்த எண் பொருந்துமா என்று பார்ப்பேன். சில இடங்களில் கையேடே தவறாக இருந்தது. அங்கெல்லாம் அவர் மென்பொருளில் குறிப்பு போட்டு வைப்பார்.

தமிழ்க் குறிப்புகளை வேறு வழியில்லாமல் மறுபடி தட்டச்சு செய்தோம். பெரிதாக அச்செடுத்த காகிதத்தைப் பார்த்து நான் சொல்ல, அவர் அடித்தார். அதுதான் இருப்பதிலேயே அலுப்பான வேலை. எழுதியவர் யாரோ, 'கவனம்' என்பதைப் பத்து இடத்தில் பத்து விதமாக எழுதியிருந்தார். சில வாக்கியங்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை.

"இத அப்பிடியே அடிக்கவா, திருத்தி அடிக்கவா சார்?"

"படிக்கிறவனுக்குப் புரியணும் மேடம். திருத்தியே அடிங்க."

"நான் திருத்துனா எங்க ஊர்த் தமிழாயிருமே."

"ஆனா என்ன? பிரஸ்ல வேலை செய்யுறவன் பாதி பேரு உங்க ஊருதானே."

அந்த வாரங்களில்தான் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். கெடு முடிய இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்றார். "முடிச்சா என்ன கெடைக்கும்னு கேட்டா, சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா இவ்வளவு படிச்சாச்சு. கோடு போட்டதெல்லாம் உள்ளேயே கெடக்கு. அத வெளிய எடுத்துத்தானே ஆகணும்." மதிய நேரத்தில் நான் குறுக்கே பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் இன்டர்காம் அடித்தால் நானே எடுப்பேன்.

தணிக்கைக்கு வந்தவர் மெலிந்த மனிதர், நாள் முழுக்க நின்றபடியே இருந்தார். பிரஸ் ஷாப்பில் ஓர் ஆபரேட்டரிடம் போய், இந்த இயந்திரத்தின் அவசர நிறுத்தத்தைச் சோதிக்கும் முறையைக் காட்டு என்றார். ஆபரேட்டர் டேபில் தமிழில் ஒரு சொல்லைத் தட்டினார். பக்கம் வந்தது. தணிக்கைக்காரர் தலையசைத்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அத்தனை மாத வேலையும் அந்த ஒரு தலையசைப்பில் முடிந்தது. எங்களுக்கும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கத் தோன்றவில்லை. அன்று மேடம் சீக்கிரம் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டார். கிடைத்தது.

அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. டாக்குமென்ட் எல்லாம் ரெடியாகிவிட்டதே, இனி அங்கே எதற்கு இரண்டு பேர் என்று மேலே கேட்டார்களாம். மேனேஜர் அதை என்னிடம் சொன்னபோதும் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அட்டவணையெல்லாம் அவங்கதான் சார் படிக்கிறாங்க. என்னால அதுல படிக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப என்னை எடுத்துட்டு அவங்கள வைங்க."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மேனேஜர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க பர்மனென்ட். அவங்க கான்ட்ராக்ட். அது அப்படி மாத்திக்கிறது இல்லீங்க" என்றார். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்றுதான் தோன்றியது. பிடிக்காமல் இருந்ததால் எதுவும் மாறவில்லை.

மேடத்துக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதவளப் பிரிவில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கடைசி நாளன்று தான் போட்ட குறிப்புகளையெல்லாம் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், எங்கே சந்தேகம் பாக்கி இருக்கிறது என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நிறங்களில் பாதி எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே நிறங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் 'சரி', 'தப்பு', 'கேட்கணும்' என்று சொற்களாகவே போடத் தொடங்கினார். பேருந்துக்கு நேரமாகும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

"மிச்சத்த நான் பாத்துக்கிறேன் மேடம், கிளம்புங்க" என்றேன்.

"இந்த ஒரு புக்கு மட்டும் சார்" என்றார்.

ஒப்பந்த ஊழியர்கள் ஏறும் வண்டி வேறு. வாசலில் விசில் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டார். "கண்ண நல்லாப் பாத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசல்வரை போகவில்லை. போயிருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதாகவும், வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டதாகவும் சொன்னார். கேட்டவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாராம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், பார்க்க வேண்டும் என்றார்.

"இனிமே டாக்டர்னு கூப்பிடணும்" என்றேன்.

"மேடமே இருக்கட்டும் சார். பழகிப்போச்சு." பிறகு, "அட்டவணையெல்லாம் இப்ப யாரு படிக்கா?" என்று கேட்டார்.

யாரும் படிப்பதில்லை. யாராவது இன்டர்காமில் எண் கேட்டால், அங்கே டேபில் அதே பக்கத்தைத் திறந்துகொள்ளச் சொல்கிறேன். தலைப்பிலிருந்து அவர்களையே வாய்விட்டுப் படிக்க வைக்கிறேன். நான் பூதக்கண்ணாடியோடு இங்கே விரலை நகர்த்துகிறேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் போனை வைக்கிறேன். அவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நேரமாகிறது அண்ணே என்பார்கள். அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார் அவர். அவர் பக்கத்தில் குழந்தை எதற்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம் புதிதாக ஒரு ரோபோ வந்திறங்கியது. அதன் கையேட்டை மென் நகலாக அனுப்பியிருந்தார்கள். திறந்தால் முதல் பக்கத்திலிருந்தே அட்டவணைகள், பொடி எழுத்தில். பிரகாசத்தைக் குறைத்துவிட்டு, பிரஸ் ஷாப் எண்ணை அழுத்தி, யாராவது ஒருவரை டேபை எடுத்துக்கொண்டு, எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட அறைக்கு வரச் சொன்னேன்.